நீர்ப்பணியும் மாணவர் கடனும்

சிவபெருமான் அட்டமூர்த்தியாய் நிற்கின்றான் என்பது சைவ நூல்களின் துணிபு. நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் அவனுக்குத் திருமேனியாம். இவற்றுள் நீர், திருவானைக்காவில் அப்புலிங்கமாய்ப் போற்றி வழிபடப்படுகின்றது. கோயிலினுள்ளே நீரைத் திருமேனியெனத் தொழுத கைகளே, கோயிற் புறத்தே ஏரியிலும் ஆற்றிலும் குப்பையைக் கொட்டுமாயின், அவ்வழிபாடு நிறைவுற்றதாகுமா என்பது சிந்திக்கற்பாலது.

ஆன்மாக்கள் மலம் நீங்கி வீடுபெறுதற்பொருட்டு, இறைவன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் தோற்றுவித்து அளிக்கின்றான். தனுவும் கரணமும் உயிர்தோறும் வேறாம். போகமும் அவ்வவ்வுயிரின் வினைக்கீடாய் வேறுபடும். புவனமோ பலர்க்கும் பொதுவாயது. ஒருவன் தன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளின் அக்கேடு பெரும்பாலும் அவனளவில் நிற்கும். ஓர் ஏரியைக் கெடுப்பானாயின், அவ்வேரியால் வாழும் ஊர் முழுமைக்கும் அருளாற் கிடைத்த கருவியைக் கெடுத்தவனாவான். ஆகலின் நீர்நிலைகளைக் காத்தல் உலகியற் காரியம் மட்டுமன்று, சமயக் கடனும் ஆம் என்பது பெறப்படும். இக்கடன் யாருடையது? பள்ளியிற் பயிலும் இளைஞரை இதன்கண் ஈடுபடுத்தல் அறமாமா? ஆமெனின், எவ்வளவில் ஆம்? இவ்வினாக்கள் ஊத்துக்கோட்டையையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் முன்னிறுத்தி ஈண்டு ஆராயப்படும்.

ஊத்துக்கோட்டை, தொண்டை நாட்டின் வடபால், ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊர். ஊரின் பெயரிலேயே ஊற்று என்னும் சொல் ஒலிக்கின்றது. ஆரணியாறு ஆந்திர நாட்டு மலைப்புறத்தே தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்னும் ஊர்களின் வழியாகச் சென்று, பழவேற்காட்டுப் பக்கத்தே கடலைச் சார்கின்றது. கோடையில் அது வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் மேற்புறத்தே பெருமழை பெய்து அணை திறக்கப்படுமாயின், இரு கரையும் புரள வரும். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் வெள்ளத்தில் முழுகிப் போக்குவரவு தடைப்பட்டது ஒருமுறையன்று, பலமுறை.

அவ்வூர்ப் பக்கத்திலேதான் கிருஷ்ணா நதியின் நீரும் தமிழகத்தினுட் புகுகின்றது. சென்னையின் குடிநீர்ப்பொருட்டு மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் பங்கினின்று 5 டி.எம்.சி. நீர் விட்டுக்கொடுக்க 1976-இல் இசைந்தன. ஆந்திரமும் தமிழகமும் 1983-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. 1996-இல் நீர் வந்து சேர்ந்தது. கண்டலேறு நீர்த்தேக்கத்தினின்றும் புறப்படும் கால்வாய், ஊத்துக்கோட்டையை அடுத்த எல்லையில் தமிழகத்தை எய்தி, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகின்றது. கண்ணன்கோட்டைக்கும் தேர்வாய்கண்டிகைக்கும் இடையே 500 மில்லியன் கன அடி கொள்ளும் மற்றொரு நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பெற்றது. தேர்வாய்கண்டிகையிலும் கிழக்கே கும்மிடிப்பூண்டியிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள்ளன. பெருநகரொன்றின் தாகம் தணிக்கும் நீர் தன் வாயில் வழியே செல்லக் காணும் இந்நாடு, தன் ஏரியையும் கிணற்றையும் தானே பேணிக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ளது.

பேணாமையால் வரும் தீங்கிற்குச் சான்று தொலைவிற் தேடவேண்டுவதில்லை. ஆரணியாறும், கொசத்தலை எனவும் வழங்கும் கொற்றலையாறும் பாயும் படுகை, மணலும் களியும் அடுக்கடுக்காய் அமைந்து, நிலத்தடியில் நீரை மிகுதியாய்த் தாங்குவது. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் துணையோடு இப்படுகை ஆராயப்பட்டது. அதன்பின் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களிற் குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டு, நீர் நகருக்கும் ஆலைகளுக்கும் சென்றது. உழவரும் தம் வயல்களுக்கு இறைத்தனர். எடுத்த அளவினை மழை ஈடுசெய்ய மாட்டாமையின், நன்னீர் தாழ்ந்த இடத்தைக் கடல்நீர் பற்றிக்கொண்டது. மீஞ்சூர்ப் பக்கத்தே உவர்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்து கிணறுகளைக் கெடுத்தது. 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையினின்று இரயிலில் நீர் கொணரும் நிலையை எய்தியது. வெள்ளமும் வறட்சியும் தம்முள் மாறுபட்டனவாய்த் தோன்றினும், வந்த நீரைத் தங்கவைத்தற்குரிய ஏரியும் கால்வாயும் சதுப்பும் சுருங்கினமை இரண்டற்கும் பொதுவாய ஏதுக்களுள் ஒன்றாம்.

இந்நிலையில் இளைஞரைத் துணைக்கழைத்தல் புதிய வழக்கமன்று. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. சுற்றுச்சூழலைக் கல்வியிற் கட்டாயப் பகுதியாக்குக என உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. 2001-இல் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை அமைக்கப்படலாயிற்று. 2023-இல் தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் ஒரு கோடிப் பனை விதை நடும் பணியில் மாணவர் பெருந்தொகையினராய் ஈடுபட்டனர். செயல் பரவியிருக்கின்றது. அச்செயலின் அறநிலை யாது என்னும் ஆராய்ச்சியே வேண்டப்படுவது. அதன்மேல் எழும் தடைகள் மூன்று.

முதற்றடை வருமாறு: மாணவர்க்குக் கல்வியே கடன், மண் அள்ளுதலும் குப்பை பெறுக்குதலும் கூலியாளர் தொழில், அவற்றிற் புகுத்தின் படிப்புக் கெடும் என்பர் பெற்றோருட் பலர். வறுமையினின்றும் கல்வியாலன்றி மீள வழியில்லாத குடும்பங்கள் மிக்க நாட்டில் இவ்வச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் இதனுள் இரண்டு பிழை உள. கைத்தொழில் இழிந்தது என்பது ஒன்று. அறிவு ஏட்டளவில் அடங்குவது என்பது மற்றொன்று.

முன்னதற்கு விடை சைவத்தின் அடிப்படையிலேயே உளது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் சரியை முதற்படி. அதற்கு உடம்பே கருவி. திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் நந்தவனம் பேணுதலும் சரியைத் தொண்டுகளாம். சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாய் நின்ற திருநாவுக்கரசு நாயனார் கல்வி குறைந்தவரா? பல நூல் கற்றுத் துறைபோய அப்பெரியாரே, கையில் உழவாரம் தாங்கிக் கோயிற் புறங்களிற் புல்லைச் செதுக்கினார். மண் சுமத்தல் இழிந்த செயலெனின், வைகைக் கரையில் வந்தி என்னும் மூதாட்டிக்காகக் கூடை சுமந்து வந்த பெருமானை என்னென்று கூறுவது? கரை உடைந்தவழி அவ்வூரில் வீட்டிற்கொரு பங்காகக் கரை அளந்து விடப்பட்டது. ஆள் அனுப்ப ஒருவருமிலாத கிழவியின் பங்கை அடைக்கவே இறைவன் வந்தான் என்பது திருவிளையாடல். ஆகவே வெள்ளக்கரை அடைத்தல் இறைவனே மேற்கொண்ட பணியாம். வலியற்றார் பங்கினை வலியுடைய இளைஞன் ஏற்றல் அப்பெருமான் காட்டிய நெறியாம்.

பின்னதற்கு விடை ஆன்மாவின் இயல்பிற் காணலாம். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது சித்தாந்தம். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் தான் பற்றியதன் இயல்பை எய்தும். பன்னிரண்டு ஆண்டு வகுப்பறையில் இருந்து, தன் ஊர் ஏரியின் மதகு எங்குளது, கலங்கல் எங்குளது, வரத்துக்கால் எவ்வூர் வழியே வருகின்றது என்று அறியாது வெளியேறும் மாணவன், நீரைப்பற்றிப் பாடம் படித்தவனேயன்றி நீரைச் சார்ந்தவனல்லன். சாராத பொருளிடத்து அன்பு பிறவாது. அன்பு பிறவாத இடத்துக் காவலும் நில்லாது.

ஈண்டுப் படிப்புக் கெடுமென்னும் அச்சமும் நீங்கும். ஆரணியாற்றின் குறுக்கே பாலேசுவரம் என்னுமிடத்திற் கட்டப்பெற்ற தடுப்பணையைச் சுற்றியுள்ள கிணறுகளை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர் தொடர்ந்து அளந்து ஆராய்ந்தனர். தடுப்பணையில் தங்கிய நீர் நிலத்தினுள் ஊறுவதால் அண்மைக் கிணறுகளின் நீர்மட்டம் உயர்தலையும், நீரின் உப்புத்தன்மை தணிதலையும் கண்டனர். உயர்ந்த ஆராய்ச்சியெனப்படும் இதன் அடிப்படை, கிணற்றினுள் அளவுநாடா இறக்கி எண்ணைக் குறித்துக்கொள்ளுதலே. பள்ளி மாணவரும் இயற்றத்தக்கது அது. குளோப் என்னும் பெயரால் 1995 முதல் நடைபெறும் திட்டத்தில், பல நாட்டுப் பள்ளிச் சிறார் மழையையும் வெப்பத்தையும் நீரின் தன்மையையும் அளந்து குறித்து உலக ஆராய்ச்சியாளர்க்கு உதவி வருகின்றனர். அங்ஙனம் அளப்பவர்க்குக் கணக்கும் பௌதிகமும் வேதிநூலும் நிலநூலும் ஒருங்கே தெளிவுறும்.

இனி இரண்டாந் தடை: இப்பணி பெரும்பாலும் ஆணையால் நடப்பது, மதிப்பெண்ணுக்கும் சான்றிதழுக்கும் செய்யப்படுவது, கட்டாயத்தாலும் பயன் நோக்கியும் செய்வது தொண்டாகாது என்பர். இஃது உண்மையொடு கூடிய தடை. கரை காக்கக் குடிகள் கூடிச் செய்த குடிமராமத்து, பழைய நாளில் ஊர் வழக்காய் இருந்தது. ஆங்கில ஆட்சியில் 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அஃது ஆணைக்குரிய கட்டாய உழைப்பாக்கப்பட்டது. சட்டம் வந்தமையால் வழக்கம் வலுப்பெற்றிலது, மேலும் மேலும் தளர்ந்தே போயிற்று. தமிழக அரசு 2017-இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தமையே அத்தளர்ச்சிக்குச் சான்று. உள்ளத்தில் வேரில்லாத பணி ஆணை நின்றவுடன் நின்றுவிடும்.

பயன் கருதாமைக்கு அடியார் வரலாறுகளே அளவுகோல். திருப்புகலூரில் நாவுக்கரசர் உழவாரம் இட்ட இடத்தே பொன்னும் நவமணியும் தோன்றின. அவற்றைப் பருக்கைக் கல்லோடொப்ப வாரி வாவியில் எறிந்து, தம் பணியைத் தொடர்ந்தார். திங்களூரில் அப்பூதியடிகள் வழிச்செல்வோர் தாகந்தணியத் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். அதன்மேல் எழுதிய பெயர் தம் பெயரன்று, தாம் கண்ணாற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயர். நான்கு மரக்கன்று நட்டு நாற்பது பேர் நின்று நிழற்படம் எடுத்துப் பதாகையிற் பெயர் பொறித்து, அக்கன்றுக்கு மறுநாள் நீர் வார்ப்பாரின்றி விடும் வழக்கத்திற்கும் இதற்கும் இடைப்பட்ட தொலைவு பெரிது.

எனினும் இத்தடை பணியைத் திருத்துதற்கு உரியதேயன்றி விலக்குதற்கு உரியதன்று. கோயிலுக்கு முதன்முதற் செல்லும் குழந்தை, பொங்கல் பெறும் ஆசையாற் செல்லினும், செல்லச் செல்ல வழிபாட்டில் வேட்கை பெறுதல் உண்டு. சரியை முதற்படியாய் வைக்கப்பட்டதும் உள்ளம் முதிராதார்க்கும் உடம்பு இயலும் என்பதனாலேயாம். மதிப்பெண் வாயிலாய் நுழைந்தவனும் அதனை மறந்து பணியில் நிலைத்தல் கூடும். அதற்கு ஆசிரியர் செய்யத்தக்கது இரண்டு. விழாநாளிற் செய்யும் பணியை விட்டு வாரந்தோறும் செய்யும் சிறுபணியைத் தேர்தல் ஒன்று. தாமும் உடன் மண்வெட்டி பிடித்தல் மற்றொன்று. திலகவதியார் திருவலகிடக் கண்ட தம்பியாரே பின்னர் உழவாரம் ஏந்தினார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மூன்றாந் தடையே மூன்றனுள்ளும் வலியது. அஃது அறமுறை பற்றியது. வரத்துக்காலை மேடாக்கி மனையாய் விற்றவரும் வாங்கியவரும் மூத்தோர். ஆற்று மணலை அளவின்றி அள்ளியவர் மூத்தோர். கழிவை ஓடையில் விட்டவரும், விடக் கண்டும் காணாதிருந்தவரும் மூத்தோர். கேடு சூழ்ந்தவர் ஒருவராகத் துப்புரவு செய்பவர் மற்றொருவராதல் நீதியா? சிறுவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுத் தம் கடன் கழிந்ததாகப் பெரியோர் மகிழ்தல், தொண்டின் பெயரால் நிகழும் வஞ்சனையன்றோ?

இத்தடையின் வலிமையைக் குறைத்துரைத்தல் நேர்மையாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூரில் கொற்றலையாற்றின் கழிமுகத்தே எண்ணெய் பரவியது. அவ்வெண்ணெயால் வலையும் படகும் பிழைப்பும் இழந்த மீனவரே, அதனை அள்ளி அகற்றும் வேலையிலும் இறங்க நேர்ந்தது. துன்பமுற்றவனே துடைப்பவனுமாதல் உலகில் எளிதில் நிகழ்வது என்பதற்கு அஃதொரு சான்று. மாணவர் விடயத்தும் அங்ஙனம் நிகழாமைக்குக் காவல் வேண்டும்.

சித்தாந்தம் இதற்குக் கூறும் விடை தெளிவானது. செய்த வினை செய்தானையே சாரும். தந்தை உண்ட உணவு மகன் பசியை ஆற்றாதவாறுபோல, மகன் செய்யும் நற்றொண்டு தந்தை செய்த தீவினையைக் கழிக்க மாட்டாது. அஃதேல், ஒருவர் செய்த கேடு பலரையும் வருத்துதல் எங்ஙனமெனின், புவனம் பொதுவாகலின் என்க. பாண்டியன் பிரம்பால் அடித்தவன் ஒருவன். அவ்வடியோ எல்லா உயிர்களின்மேலும் பட்டது. நீர்நிலையின்மேல் விழும் அடியும் அத்தன்மைத்து. அடியின் நோவு பொது. அடித்த குற்றம் அடித்தவனுக்கே உரியது. நோவு பொதுவாதலின் அதனைத் தணிக்க முற்படுதல் யாவர்க்கும் தகும், மாணவர்க்கும் தகும். குற்றம் தனியாதலின் அதற்குரிய ஈட்டினைக் குற்றமுடையவனே செலுத்தல் வேண்டும். இவ்விரண்டனையும் ஒன்றாகக் குழப்புதலே பிழை.

ஊத்துக்கோட்டைக்கு மிக அணித்தாய், ஆந்திர எல்லையினுள், ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளி என்னும் தலம் உளது. ஆங்கு இறைவன் பள்ளிகொண்டீசுவரர் எனப் பெயர் பெற்று, அம்மையின் மடியில் தலைவைத்துக் கிடந்த கோலத்தே எழுந்தருளியிருக்கின்றான். நஞ்சுண்ட களைப்பாற் கொண்ட கோலம் அது என்பது தலவரலாறு. பாற்கடலைக் கடைந்தோர் தேவரும் அசுரரும். அமுதை விரும்பினோரும் அவரே. நஞ்சு எழுந்துழி அஞ்சி ஓடினோரும் அவரே. கடைதலிற் பங்குகொள்ளாத பெருமானே அந்நஞ்சை ஏற்று உண்டான். வலியோன் நஞ்சைத் தன்னகத்தே தடுத்து எளியோரைக் காத்தான் என்பது அக்கோலத்தின் பொருள். இற்றை நாளில் நிகழ்வதோ இதற்கு மறுதலை. அமுதின் பங்கை மூத்தோர் உண்டு, நஞ்சின் பங்கை இளையோர்க்கு வைத்துச் செல்கின்றனர். ஆரணியாற்றங்கரையில் வாழ்வோர் பிரதோடந்தோறும் அக்கோலத்தைத் தொழுது மீளுங்கால், தாம் எப்பக்கத்தே நிற்கின்றனர் என்று தம்மைத் தாமே வினாவிக்கொள்ளுதல் கடப்பாடாம்.

தொண்டை நாட்டின் பழைய ஆட்சிமுறையும் இதனையே வற்புறுத்தும். முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களில் ஏரி வாரியம் பேசப்படுகின்றது. 921-ஆம் ஆண்டின் சாசனம், வாரியத்திற்குரியார் 35 வயதிற்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டுமெனக் கூறுகின்றது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் மீளத் தேரப்படலாகாதென விலக்குகின்றது. ஏரியின் பொறுப்பு முதிர்ந்தவர்களுடையது, அதுவும் கணக்குக் காட்டும் பொறுப்பு என்பது இதனாற் பெறப்படும். இளைஞரின் உழைப்பு அப்பொறுப்பிற்குத் துணையாகலாம், பதிலாகலாகாது.

எனவே முடிபு இது: நீர்ப்பணி மாணவர்க்குத் தொண்டு; மூத்தோர்க்குக் கடன். தொண்டைக் கொண்டு கடனை அடைத்தல் கூடாது. இம்முடிபின்வழி ஊத்துக்கோட்டை நாட்டில் மாணவர் செய்யத்தக்கன யாவையெனின், கூறுதும்.

அவற்றுள் முதலாயது காணுதல். தத்தம் ஊர் ஏரியின் கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், போக்குக்கால் ஆகியவற்றை நடந்து கண்டு, ஊர்ப் படத்தொடு ஒப்பிட்டுக் குறித்தல் வேண்டும். எவ்வாண்டு வெள்ளம் எத்தெருவரை வந்தது, எக்கிணறு எக்கோடையில் வற்றியது என்பன முதியோர் நினைவில் உள்ளன. அந்நினைவு மறையுமுன் எழுதிவைத்தற்கு மாணவரினும் ஏற்றவர் இலர்.

அடுத்தது அளத்தல். பள்ளியில் மழைமானி வைத்து நாடோறும் குறித்தல் எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யின் அது ஒரு லிட்டர் நீராம். 500 சதுர மீட்டர் கூரையுடைய பள்ளியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்யின் 5,000 லிட்டர் நீர் வீழும். தமிழகத்தில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்கட்கும் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமைப்புத் தம் பள்ளியில் செவ்வே இயங்குகின்றதா, மண் அடைத்துக் கிடக்கின்றதா என மாணவரே கண்டுரைக்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் கிணறுகளின் ஆழத்தை அளந்து ஆண்டுதோறும் ஒப்பிடுதலும் ஆம்.

கைப்பணி அதன்பின்னரே. ஏரிக்கரையிற் பனை விதை ஊன்றுதல், வாய்க்காலை அடைக்கும் பிளாஸ்டிக்குப் பைகளை மழைக்கு முன் அகற்றுதல், கன்றுகளுக்குக் கோடையில் நீர் வார்த்தல் என்பன இளைஞர் உடம்பிற்கு ஏற்றவை. ஆலைக்கழிவு கலந்த ஓடையிலும், சாக்கடையிலும், ஆழந்தெரியாத ஏரியிலும் இறங்குதல் அவர்க்கு விலக்கப்பட்டனவாம். அவை உரிய கருவியும் பயிற்சியும் உடையார்க்கும், கழிவை விட்டார்க்கும் உரியன. வெள்ளம் வருங்கால் பாலத்தருகே வேடிக்கை பார்க்கச் செல்லாமையும், அணை திறக்கும் எச்சரிக்கையைத் தாழ்ந்த பகுதியிலுள்ள முதியோர்க்கு உடனே சென்று தெரிவித்தலும் தொண்டிற் சேர்ந்தனவே.

இவை அனைத்தினும் சிறந்தது அறிவித்தல். தமிழகத்தில் மார்ச்சு 22-ஆம் நாளாகிய உலக நீர் நாளில் ஊராட்சிகள்தோறும் கிராம சபை கூடுகின்றது. மாணவர் ஆண்டு முழுதும் குறித்த ஏட்டினை அச்சபையிற் படிக்க, எந்த வாய்க்கால் ஏன் அடைபட்டது, எந்தக் கிணறு ஏன் உவர்த்தது என்பதற்குப் பெரியோர் எழுந்து விடை கூறல் வேண்டும். விடை கூறியதனோடு அமையாது, அடுத்த ஆண்டிற்குள் செய்தது யாதென்றும் காட்டல் வேண்டும். இங்ஙனமாயின் மாணவர் கண்டுரைத்தலும் மூத்தோர் கணக்குக் காட்டுதலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அங்ஙனம் விடைகூறும் பெரியோர் இல்லாத ஊரில், மாணவரைக் கொண்டு நடாத்தும் பணி வெறுங் காட்சியாய் முடியும்.

சிறுவர் அளவையால் என்ன பயன் என்பார்க்குத் தண்டியடிகள் வரலாறு விடையாகும். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து சுருங்கியதறிந்து, அதனைத் தோண்டித் திருத்த முற்பட்ட அவ்வடியார் பிறவியிலேயே கண்ணிலாதவர். குளத்தினுள் ஒரு கோல், கரையில் ஒரு கோல் நட்டு, இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, தடவியே மீண்டு வந்து கரையிற் கொட்டினார். இகழ்ந்தாரும் இடையூறு செய்தாரும் பலர். அவர் பணியை விட்டாரல்லர். முடிவில் இறைவன் அருளாற் கண் பெற்றார். ஊத்துக்கோட்டைக்குத் தெற்கேயுள்ள திருவெண்பாக்கத்திலும் இத்தகையதொரு செய்தி உண்டு. கண்ணிழந்து வந்த நம்பியாரூரர்க்கு இறைவன் அத்தலத்தில் ஊன்றுகோல் ஒன்றை அளித்தான். பார்வை அங்குக் கிடைத்திலது. கோலூன்றி மேலும் நடந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். தன் நீர்நிலையின் நிலைமையைக் காணமாட்டாத ஊரும் கண்ணிலாததே. மாணவர் குறித்துவைக்கும் சிற்றேடு அவ்வூர்க்குக் கயிறும் கோலும் போல்வது. அது பார்வையன்று, பார்வை வருங்காறும் வழி தவறாமற் காப்பது.

அத்திருவெண்பாக்கத்துப் பழங்கோயில் நின்ற இடம் இன்று காணுதற்கில்லை. 1944-இல் முற்றுப்பெற்றுச் சத்தியமூர்த்தி சாகரம் எனப் பெயர் பெற்ற பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, அவ்விடம் நீர்ப்பரப்பினுள் அகப்பட்டது. மூர்த்திகள் வேறிடத்துக்குக் கொணரப்பட்டுப் புதுக்கோயில் எழுந்தது. மக்களின் தாகந்தணியும்பொருட்டு இறைவனே தன் இருப்பிடத்தை நீருக்கு விட்டு அகன்று அமர்ந்தானெனின், நீருக்குரிய இடத்தைப் பற்றிக்கொண்டு விடமறுக்கும் மாந்தர் நாணுதல் வேண்டும்.

நீருக்கு எல்லைக்கல் தெரியாது. பிச்சாட்டூரிற் பெய்த மழை ஊத்துக்கோட்டையில் வெள்ளமாகின்றது. ஊத்துக்கோட்டையில் விட்ட கழிவு பழவேற்காட்டு மீனவர் வலையிற் சேர்கின்றது. ஆகலின் இப்பணியில் தெலுங்கு நாட்டு மாணவரும் தமிழ்நாட்டு மாணவரும் ஓராற்றின் இரு பகுதியைக் காப்போராய்த் தம்முட் செய்தி பரிமாறிக்கொள்ளுதல் தகும். வானினின்றும் உலகழிய வீழ்ந்த கங்கையைப் பெருமான் சடையில் ஏற்றுத் தடுத்து, உயிர்கட்குப் பயன்படுமாறு சிறிதாக விட்டருளினான். விரைந்து வரும் நீரைத் தாங்கி, தங்கவைத்து, மெல்ல விடுதலே ஏரியின் தொழிலுமாம். அத்தொழிலைக் காப்பவர் சிவத்தொண்டு செய்பவரே.

மூத்தோர் நஞ்சைத் தம்மளவில் தடுத்து, இளையோர் அன்பாற் பணி செய்ய, நீரும் நிலமும் உயிரும் இன்புற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்.